சில்லறைக் காசில் தேவியர்



ரோமானிய நாணயம் என்றதும் நம் பக்கத்தில் தங்கமும் வெள்ளியும்தான் பேச்சுக்கு வரும். கரூரிலும் கோயம்புத்தூர் வட்டாரத்திலும் புதையலாகக் கிடைத்தவை, எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருப்பவை, மிளகுக்கும் மணிகளுக்கும் விலையாகக் கப்பலேறி வந்தவை. அவற்றைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. நான் இன்று சில்லறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ரோம் நகரத்துக் கூலிக்காரன் கையில் மாலையில் வந்து, மறுநாள் காலைக்குள் ரொட்டிக்கடைக்குப் போய்விட்ட காசுகள். அவற்றின் பின்பக்கத்தில் ஒரு பெண் தெய்வம் நிற்பாள், அல்லது உட்கார்ந்திருப்பாள். அவள் யார், ஏன் அங்கே வந்தாள் என்பதுதான் பேச்சு.

முதலில் காசைப் பார்த்துவிடுவோம். பொதுவாக இவை எல்லாவற்றையும் வெண்கலக் காசு என்கிறோம். குடியரசுக் காலத்தில் அது சரி. தொடக்கத்தில் வெண்கலத்தை அச்சில் ஊற்றி வார்த்தார்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் 'ஆஸ்' என்ற காசு ஏறக்குறைய ஒரு ரோமானிய பவுண்டு, அதாவது 300 கிராமுக்கு மேல் எடை. மடியில் கட்டிக்கொண்டு நடக்க முடியாது. அதன் மூன்றில் ஒரு பங்கான 'ட்ரியன்ஸ்' காசில்தான் மினர்வா தலைக்கவசத்தோடு வருகிறாள். பக்கத்தில் நான்கு புள்ளிகள். எழுதப் படிக்கத் தெரியாதவனும் புள்ளியை எண்ணி மதிப்பைத் தெரிந்துகொள்ளலாம். ஹன்னிபாலோடு நடந்த போர் கஜானாவைக் காலி செய்தபோது இந்தக் காசுகளின் எடை மளமளவென்று இறங்கியது. அந்தக் கதை இன்று வேண்டாம்.

கி.மு. 23-ஐ ஒட்டி அகஸ்டஸ் சில்லறையைச் சீர்திருத்தினார். பெரிய காசு செஸ்டர்டியஸ், சுமார் 25 கிராம், உள்ளங்கையை நிறைக்கும். அதில் பாதி மதிப்பு டுபோண்டியஸ். இவை இரண்டும் பித்தளை. செம்போடு துத்தநாகம் சேர்ந்த, புதிதில் பொன்போல் இருக்கும் உலோகம். டுபோண்டியஸில் பாதி ஆஸ், அதில் கால் பங்கு குவாட்ரன்ஸ். இவை வெறும் செம்பு. நான்கு செஸ்டர்டியஸ் சேர்ந்தால் ஒரு வெள்ளி டெனாரியஸ். குவாட்ரன்ஸ் கொடுத்தால் பொதுக் குளியலறைக்குள் போகலாம். பொம்பெயி மதுக்கடைச் சுவர் ஒன்றில் விலைப்பட்டியலே இருக்கிறது: ஒரு ஆஸ் கொடுத்தால் சாதாரண மது, இரண்டு கொடுத்தால் கொஞ்சம் நல்லது, நான்கு கொடுத்தால் பெயர்பெற்ற ஃபலேர்னிய மது. தங்கக்காசைக் கண்ணால் காணாமலே செத்துப்போனவர்கள் ரோமில் ஏராளம். இந்தச் செம்பைத் தொடாமல் ஒருநாள் கழித்தவர் அபூர்வம்.

அக்கசாலையில் காசு அடிக்கும் முறையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பக்க அச்சு கீழே பட்டடையில் பதிந்திருக்கும்; அதில் பேரரசன் முகம். பின்பக்க அச்சை ஒருவன் கையில் பிடிப்பான். நடுவில் சூடாக்கிய உலோக வில்லை. மேலே சம்மட்டி அடி. அடியை நேராக வாங்குவது பின்பக்க அச்சு. அதனால் அதுதான் சீக்கிரம் தேயும், உடையும். அடிக்கடி புதிதாக வெட்டியாக வேண்டும். எப்படியும் புதிதாக வெட்டப் போகிறோம் என்றால் புதுச் செய்தியை வெட்டலாமே! பேரரசனின் முகம் ஆண்டுக்கணக்கில் ஒன்றாகவே இருக்க, பின்பக்கத்துத் தேவியர் மாறிக்கொண்டே இருந்ததற்கு வசதி செய்துகொடுத்தது இந்தச் சம்மட்டிதான்.

தேவியரை அடையாளம் காண்பது நமக்குக் கடினமில்லை. கோயில் தூணில் உள்ள சிற்பத்தை அதன் கையில் இருப்பதை வைத்து இன்னார் என்று சொல்லும் பழக்கம் உள்ளவர்கள் நாம்; அதே கண்ணால் பார்த்தால் போதும். தானியக் கதிரும் தீப்பந்தமும் இருந்தால் செரெஸ். காணாமற்போன மகளைத் தேட எடுத்த பந்தம் அது. சுக்கான் பிடித்திருந்தால் அதிர்ஷ்ட தேவி ஃபோர்ச்சூனா. பாம்புக்குக் கிண்ணத்தில் ஊட்டினால் உடல்நலத் தேவி சாலுஸ். ஒரு கையில் பூமொட்டு, மறுகையால் பாவாடையைச் சற்றே தூக்கிப் பிடித்து நடந்தால் நம்பிக்கையின் தேவி ஸ்பெஸ். தராசு பிடித்தவள் ஈக்விட்டாஸ், சில காசுகளில் மொனேட்டா. இவர்கள் இருவரையும் எழுத்தைப் படிக்காமல் பிரித்தறிய முடியாது. இறக்கை இருந்தால் சந்தேகமே வேண்டாம், வெற்றித் தேவி விக்டோரியா.

இவர்களில் பாதிப்பேர் தெய்வமே அல்ல, வெறும் குணங்களுக்குப் பெண் வடிவம் கொடுத்திருக்கிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்பெஸுக்குக் கோயில் இருந்தது. குவிரினால் குன்றில் சாலுஸுக்கு இருந்தது. ஒற்றுமையின் தேவி கான்கார்டியாவுக்கு மன்றத்திலேயே இருந்தது. கோயிலும் பூசையும் பலியும் உள்ளவளைத் தெய்வம் இல்லை என்று சொல்ல நாம் யார்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் காசுகளை வரிசையாகப் பார்த்துவந்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஒரு தேவி திடீரென்று சில்லறைக் காசில் வந்து நின்றால், அவள் தருகிற வரத்துக்கு அப்போது ஊரில் தட்டுப்பாடு என்று சந்தேகிக்கலாம். எல்லா நேரமும் அப்படி அல்ல. ஆனால் பலமுறை அப்படி.

நீரோவின் செஸ்டர்டியஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். செரெஸ் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே நிற்பவள் அன்னோனா, ரோம் நகரத்துத் தானிய வரத்துக்கே உரிய தேவி, கையில் வளக்கொம்பு. இருவருக்கும் நடுவே ஒரு பீடம். பீடத்தின் மேல் தானியம் அளக்கும் மோடியுஸ் மரக்கால். பின்னால் தெரிவது ஒரு கப்பலின் பின்புறம். சின்ன வட்டத்துக்குள் தானியத்தின் கதை முழுவதும் இருக்கிறது: விளைவித்தவள், கொண்டுவந்த கப்பல், அளந்துகொடுக்கும் மரக்கால், பங்கிடுகிறவள். ரோமானிய அச்சு வெட்டிகளின் கைத்திறனுக்கு இதைவிட நல்ல சான்று குறைவு.

இது வெளிவந்தது கி.பி. 60-களின் நடுவில். அதற்குச் சற்று முன் நடந்ததை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். கி.பி. 62-இல் துறைமுகத்துக்குள்ளேயே புயலில் சுமார் 200 தானியக் கப்பல்கள் நாசமாயின. டைபர் ஆற்றில் ஏறி வந்த இன்னும் 100 கப்பல்கள் தீயில் போயின. நீரோ என்ன செய்தார்? கிடங்கில் கெட்டுப்போயிருந்த தானியத்தை ஆற்றில் கொட்டச் சொன்னார். கொட்டுகிற அளவுக்கு எங்களிடம் இருக்கிறது என்று ஊருக்குக் காட்ட! விலையும் ஏறவில்லையாம். இரண்டு ஆண்டு கழித்து, 64-இல், ரோம் தீப்பற்றி எரிந்தது. அப்போது சுற்று ஊர்களிலிருந்து உணவு வரவழைத்து, தானிய விலையை மோடியுஸுக்கு 3 செஸ்டர்டியஸ் என்று குறைத்தார்.

அந்தக் காசைப் புரட்டிப் பாருங்கள். அதில் வெட்டியிருக்கும் மரக்காலில் ஒரு மரக்கால் தானியம் வாங்க, அதே காசு மூன்று போதும். வாக்குறுதியும் விலையும் ஒரே உலோகத்தில். காசின் மேல் எழுதியதை எவன் படிப்பான் என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு காசைக் காட்டலாம். படிக்க வேண்டியதே இல்லை, கதிரும் மரக்காலும் கப்பலும் பசித்தவனுக்குத் தெரியும்.

அடுத்து விடுதலைத் தேவி லிபர்டாஸ். அவள் கையில் இருப்பது ஒரு தொப்பி. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவன் அணியும் தொப்பி. பேரரசர்கள் காலத்தில் அவள் எப்போது தலைகாட்டுகிறாள் என்று பாருங்கள். கி.பி. 41-இல் காலிகுலா கொல்லப்பட்டார். கிளாடியஸின் செப்புக் காசில் லிபர்டாஸ். 68-இல் நீரோ தற்கொலை செய்துகொண்டார். கால்பாவின் காசில் லிபர்டாஸ். 96-இல் டொமிஷியன் கொல்லப்பட்டார். நெர்வாவின் காசில் லிபர்டாஸ். முந்தைய ஆட்சி கொடுங்கோல் என்று சொல்லப் புதியவனுக்குக் கிடைத்த எளிய வழி அது. மக்களுக்கு என்ன விடுதலை கிடைத்தது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். ஒரு முகம் போய் இன்னொரு முகம் வந்தது.

கான்கார்டியாவின் கதை இன்னும் வேடிக்கை. கி.பி. 238-இல் செனட் சபை பல்பினஸ், புபியேனஸ் என்ற இரண்டு கிழவர்களை ஒரே நேரத்தில் பேரரசர்களாக்கியது. இருவருக்கும் ஆகாது. ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம். பல்பினஸின் செஸ்டர்டியஸில் 'பேரரசர்களின் ஒற்றுமை' என்ற எழுத்தோடு கான்கார்டியா அமர்ந்திருக்கிறாள். சுமார் மூன்று மாதத்தில் மெய்க்காவல் படையே இருவரையும் இழுத்துப்போய்க் கொன்றது. எலகபாலஸ் பேரரசன் வெஸ்டா தேவியின் கன்னிப் பூசாரியான அக்விலியா செவேராவை ஊர் திகைக்க மணந்தபோதும் அவள் காசில் வந்தது கான்கார்டியாதான். சீக்கிரமே அக்விலியாவை விலக்கிவிட்டு வேறொருத்தியை மணந்தான்.

அரச குடும்பத்துப் பெண்கள் தேவியரோடு கலந்த விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கி.பி. 22-இல் அகஸ்டஸின் மனைவி லிவியா கடுமையாக நோயுற்றாள். மகன் திபேரியஸ் வெளியிட்ட டுபோண்டியஸில் சாலுஸ் தேவியின் பெயர். முகம் லிவியாவின் சாயல் என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். நேராக மனித முகத்தைத் தெய்வம் என்று சொல்லக் கூச்சம் இருந்த காலம். அவள் இறந்தபின் அவளைத் தெய்வமாக்கத் திபேரியஸ் சம்மதிக்கவில்லை. பேரன் கிளாடியஸ் கி.பி. 42-இல் தெய்வமாக்கினார், அப்போது வந்த காசில் கதிரும் பந்தமும் ஏந்தி, செரெஸாகவே உட்கார்ந்துவிட்டாள்.

காலிகுலாவுக்குக் கூச்சமெல்லாம் கிடையாது. தன் மூன்று சகோதரிகளையும் பெயர் எழுதியே ஒரு செஸ்டர்டியஸில் நிறுத்தினார். தூணில் சாய்ந்த அக்ரிப்பினா பாதுகாப்பின் தேவி, நடுவில் துருசில்லா கான்கார்டியா, சுக்கானோடு ஜூலியா ஃபோர்ச்சூனா. 38-இல் துருசில்லா இறந்தாள். அடுத்த ஆண்டே மற்ற இருவரையும் சதிக் குற்றம் சாட்டித் தீவுக்கு நாடுகடத்தினார். பாதுகாப்பும் அதிர்ஷ்டமும் சேர்ந்து கப்பலேறின.

மார்க்கஸ் அரேலியஸின் மனைவி இளைய ஃபாஸ்டினாவின் காசுகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவள் குறைந்தது 12 பிள்ளைகள் பெற்றவள். மக்கட்பேற்றின் தேவி ஃபெக்குண்டிடாஸ் இடுப்பில் இரண்டு, காலடியில் இரண்டு குழந்தைகளோடு அவள் காசுகளில் வருகிறாள். 161-இல் பிறந்த இரட்டையரை ஆசனத்தில் உட்காரவைத்து 'காலத்தின் நல்வாழ்வு' என்று ஒரு காசு. அந்த இரட்டையரில் ஒருவன் நான்கு வயதில் போனான். மிஞ்சியவன் கொமோடஸ், அவன் ஆட்சி எப்படி இருந்தது என்பதைச் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். அவளுடைய ஆண்பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவன் அவன் ஒருவன்தான். காசு பிறப்பை மட்டும் அறிவிக்கும். இறப்பை அறிவிக்க ஒரு தேவி இல்லை.

இங்கே ஒரு எதிர்ப்பைச் சொல்லியாக வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற வரலாற்றறிஞர் ஏ.ஹெச்.எம். ஜோன்ஸ் 1956-இல் எழுதிய கட்டுரையில், காசின் படங்களுக்கு நாணயவியலாளர்கள் தரும் முக்கியத்துவம் மிகை என்றார். இன்றைய தபால் தலைப் படங்களைக் கொண்டு ஒரு நாட்டின் அரசியலை எழுத முடியுமா என்பது அவர் கேள்வி. சதர்லேண்ட் என்ற நாணயவியலாளர் மறுத்தார். வாதம் இன்னும் ஓயவில்லை. ஜோன்ஸ் சொன்னதில் நியாயம் உண்டு. நூற்றுக்கணக்கான காசுகளில் தேவியர் வழக்கத்துக்காகவே நிற்கிறார்கள். முந்தைய அச்சைப் பார்த்துப் பிந்தைய அச்சை வெட்டியிருக்கிறார்கள். ஆனால் காசு எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால் ஜோன்ஸின் வாதம் தளர்கிறது.

பேரரசர் அந்தோனினஸ் பயஸ் 154-155-இல் பிரிட்டன் தீவைப் பெண்ணாக்கி ஒரு செப்புக் காசு வெளியிட்டார். பாறையில் அமர்ந்து, தலையைக் கையில் தாங்கிச் சோர்ந்திருக்கும் பிரிட்டானியா. அது பெரும்பாலும் கிடைப்பது பிரிட்டனில்தான். யாருக்கு எந்தப் படம் போக வேண்டும் என்று யாரோ முடிவுசெய்திருக்கிறார்கள். ஹேட்ரியன் சுவரை ஒட்டிய காரோபரோ என்ற இடத்தில் கோவென்டினா என்ற நீர்த்தேவதையின் ஊற்றுக்குழியை 1876-இல் ஜான் கிளேட்டன் தோண்டியபோது 13,000-க்கு மேற்பட்ட காசுகள் வந்தன. அவற்றில் 300-க்கு மேல் இந்தப் பிரிட்டானியா. வெற்றிகொண்டவர்கள் அச்சடித்த தோற்ற நாட்டின் உருவத்தை, அந்நாட்டு நீர்த்தேவதைக்கே காணிக்கையாகப் போட்டிருக்கிறார்கள். 1672-இல் இங்கிலாந்தின் செப்புக் காசில் அதே பிரிட்டானியா மறுபடி உட்கார்ந்தாள், இம்முறை சோர்வில்லாமல்.

மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் சில்லறையின் மதிப்பு கெட்டது. வெள்ளியில் செம்பைக் கலந்து கலந்து, கடைசியில் செம்பின் மேல் வெள்ளிப் பூச்சு என்று ஆயிற்று. பெரிய செஸ்டர்டியஸ் நின்றே போயிற்று. டயோக்ளீஷியன் 294-ஐ ஒட்டிப் புதுக் காசு கொண்டுவந்தார், விலைகள் அடங்கவில்லை. 301-இல் புகழ்பெற்ற விலைக் கட்டுப்பாட்டு ஆணையைப் போட்டார். அந்த ஆண்டுகளில் வெள்ளிப் பூச்சு பூசிய அவருடைய காசுகளில் தராசோடு வந்து நிற்பவள் யார்? 'புனித மொனேட்டா'. நாணயத்தின் தேவி! நான் முதலில் சொன்ன சந்தேகத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பிறகு கிறித்தவம் வந்தது. தேவியர் ஒவ்வொருவராக விலகினார்கள். விலகாமல் நின்றவள் ஒருத்தி, இறக்கையுள்ள விக்டோரியா. செனட் மண்டபத்திலிருந்த அவளுடைய பலிபீடத்தை 382-இல் பேரரசர் கிரேஷியன் அகற்றச் சொன்னார். 384-இல் சிம்மாக்கஸ் என்ற செனட்டர் அதைத் திரும்ப வைக்க வேண்டும் என்று மன்றாடினார், மிலான் ஆயர் அம்புரோஸ் எதிர்த்தார், வைக்கவில்லை. ஆனால் அக்கசாலை என்ன செய்தது? 388-க்குப் பிறகு தியோடோசியஸ், அவர் மகன்கள் பெயரில் வந்த சின்னஞ்சிறு செப்புக் காசுகளில் விக்டோரியா தோளில் வெற்றிச்சின்னம் சுமந்து, கைதியை இழுத்துக்கொண்டு நடக்கிறாள். பக்கத்தில் கிறிஸ்துவின் பெயர்ச் சின்னம். பலிபீடம் இழந்தவள் கிறித்தவப் பேரரசனின் சில்லறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சமரசம் என்றால் இதுதான்.

அந்தச் சின்னஞ்சிறு காசுகள்தான் நம் ஊருக்கும் வந்தவை. முதல் நூற்றாண்டில் நமக்கு வந்தது பெரும்பாலும் வெள்ளியும் தங்கமும். ரோமானியச் செப்புக்கு எல்லைக்கு வெளியே மதிப்பில்லை. நம் மண்ணில் ஏராளமாகக் கிடைக்கும் திபேரியஸின் வெள்ளிக்காசில் செங்கோலும் கிளையும் ஏந்தி ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவளை லிவியா என்பாரும் அமைதித் தேவி என்பாரும் உண்டு. ஆனால் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் செப்புக் காசுகள் கரூர் அமராவதி மணலிலும் மதுரை வைகை மணலிலும் நிறையக் கிடைத்தன. ஒரு கிராமை ஒட்டிய எடை, சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி கரூர், மதுரை, திருக்கோவிலூர்க் காசுகளைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். இலங்கையில் இவை இன்னும் அதிகம். அங்கே இவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே போலச் செய்து புழங்கவிட்டிருக்கிறார்கள்.

இலங்கையில் இன்னொரு பொருளும் கிடைக்கிறது. நீள்சதுரத் தகட்டில் தாமரை மேல் நிற்கும் திருமகள், இருபுறமும் யானைகள் நீர் சொரிய. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் பால் ஈ. பீரிஸ் நூறாண்டுக்கு முன் கண்டெடுத்தவற்றிலும் இவை உண்டு. காசாகப் புழங்கினவா, காணிக்கையா என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. ரோமானிய விக்டோரியாவைப் பார்த்துத்தான் திருமகளைத் தகட்டில் வடித்தார்கள் என்று சொல்ல ஆசையாக இருக்கும். சொல்லக்கூடாது. சாஞ்சியிலும் பார்ஹுத்திலும் யானைகளோடு திருமகள் கல்லில் நின்றது இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆற்று மணலிலோ கடைக்கால் தோண்டும்போதோ பச்சை பூத்த செப்புத் துண்டு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், அமிலத்தில் போடாதீர்கள். அந்தப் பச்சைப் படலம் போனால் அதற்குள் இருக்கும் இறக்கையும் எழுத்தும் சேர்ந்து போய்விடும். கிடைத்த இடத்தைக் குறித்துவையுங்கள். எந்த ஊரில், எந்த ஆழத்தில், எவற்றோடு கிடைத்தது என்பது தெரியாத காசுக்குச் சந்தையில் விலை உண்டு, ஆய்வில் பாதிப் பயன்கூட இல்லை. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவியுங்கள்.